யோசிச்சுச் செய்யுங்க

வெண்பாவைப் பெண் பார்த்துவிட்டுப் போன பெண்ணாடத்துக்காரர்களிடமிருந்து பதில் வரவில்லை என்ற இடத்தில் சென்ற வாரம் நிறுத்தியிருந்தோம். பதில் இன்னும் வரவில்லை. ஆனால் செய்தி வந்துவிட்டது.

திங்கட்கிழமை காலை, விருத்தாசலத்தை ஒட்டிய பூதாமூரில் தங்கம்மாள் வீட்டில் இட்லித் தட்டை இறக்கும் நேரத்தில் மகன் மாணிக்கவேலுக்கு போன் வந்தது. கருவேப்பிலங்குறிச்சியில் உரக்கடை வைத்திருக்கும் சிநேகிதன். பேச்சோடு பேச்சாக, தன் தெருப் பெண் ஒருத்திக்கு வருகிற வெள்ளிக்கிழமை பூ வைக்க வருகிறார்கள் என்றான். மாப்பிள்ளைக்குப் பெண்ணாடம், சர்க்கரை ஆலையில் வேலை, பெயர் தமிழ்ச்செல்வன்.

மாணிக்கவேல் போனைக் கீழே வைத்துவிட்டு அம்மாவைப் பார்த்தான், தங்கை வெண்பாவைப் பார்த்தான், பிறகு இட்லியைப் பார்த்தான். ஜாதகத்தில் ஏதாவது இடித்திருக்கும், விடும்மா என்றான். ஜாதகம் பார்த்து நல்ல பொருத்தம் என்று ஜோசியர் சொன்னது அவனுக்கும் தெரியும். கடைக்கு நேரமாகிவிட்டது என்று வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினான். குடும்பத்தில் ஒரு சங்கடம் வந்தால் இந்த மனிதனுக்கு எப்போதும் கடைக்கு நேரமாகிவிடும்.

வெண்பா, "பரவால்லம்மா, அதுக்கென்ன இப்போ" என்றாள். உள்ளே போய், ஏற்கெனவே இஸ்திரி போட்டு மடித்து வைத்திருந்த துப்பட்டாவைப் பிரித்து மறுபடியும் இஸ்திரி போட்டாள். அந்தத் தமிழ்ச்செல்வனை அவளுக்குப் பிடித்திருந்தது. பெண் பார்க்க வந்த அன்று, காபி ஆறிப்போய்விட்டது, வேறு கொண்டுவரட்டுமா என்று இவள் கேட்க, வேண்டாம், எனக்கு ஆறினால்தான் பிடிக்கும் என்று அவன் சிரித்திருந்தான். அதை அண்ணியிடம் மட்டும் சொல்லியிருந்தாள்.

அண்ணி என்றால் அமுதவள்ளி, மாணிக்கவேலின் மனைவி. அவள் அடுப்படியில் சட்னியை வழித்துக்கொண்டிருந்தாள். அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. ஏனென்றால் அந்தச் சம்பந்தம் ஏன் நின்றது என்பது அந்த வீட்டில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

தமிழ்ச்செல்வனின் அம்மா ராஜாம்பாள், அமுதவள்ளிக்குச் சொந்தப் பெரியம்மா. இந்த வரனே அந்தச் சொந்தத்தின் வழியாக வந்ததுதான். பெண் பார்த்துவிட்டுப் போன மறுவாரம் ராஜாம்பாள் போன் செய்தாள். நீ அந்த வீட்டிலேயே இருப்பவள், உனக்குத் தெரியாதது இல்லை, வாயால் சொன்னால் ஒன்றுகிடக்க ஒன்று காதில் விழும், எழுதி அனுப்பு, உங்கள் பெரியப்பாவும் பெரியவனும் படிக்கட்டும் என்றாள். நம் பக்கத்தில் சம்பந்தம் பேசுவதற்கு முன்னால் விசாரிப்பது என்று ஒன்று இருக்கிறதே, அதுதான். அமுதவள்ளி வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பினாள்.

"பெரியம்மா, நீங்க கேட்டதால எழுதறேன். நாத்தனார்ங்கறதுக்காகக் கூட்டியும் சொல்லல, கொறச்சும் சொல்லல. பொண்ணு கெட்டிக்காரி. மனசுல பட்டத முகத்துக்கு நேரா சொல்லிடும். சமையல் அவ்வளவா பழக்கமில்ல. வேலை அப்படிங்கறதால போனும் கையுமாத்தான் இருக்கும். முன்னாடி வேப்பூர்ல ஒரு வரன் பேசி முடிக்கற நேரத்துல நின்னுபோச்சு. எங்க மாமனாருக்கு அவர் இருந்தவரைக்கும் குடிப்பழக்கம் உண்டு. மத்தபடி கொறன்னு சொல்ல ஒண்ணுமில்ல. யோசிச்சுச் செய்யுங்க."

இதில் எங்கே பொய் என்று தேடிப் பாருங்கள். கிடைக்காது. கிடைக்காமல் இருக்கும்படி எழுதுவதற்கு அமுதவள்ளிக்குத் தெரியும்.

வேப்பூர்க்காரர்கள் எல்லாம் பேசி முடித்த பிறகு கார் கேட்டார்கள், வேண்டாம் என்று நிறுத்தியவளே வெண்பாதான் என்பதை அவள் எழுதவில்லை. போன வருஷம் டெங்கு வந்து அமுதவள்ளி படுத்துக்கிடந்தபோது, ராத்திரி பகலாகப் பக்கத்தில் உட்கார்ந்து கஞ்சி ஊட்டியவள் அந்தச் சமையல் பழகாத பெண்தான் என்பதையும் எழுதவில்லை. குடித்துக் குடித்துச் செத்த அப்பாவை, ஆஸ்பத்திரியில் கடைசிவரை பார்த்துக்கொண்டவள் யார் என்பதையும் எழுதவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக அந்தக் கடைசி வரி. வரன் விசாரிக்கும் இடத்தில் யோசிச்சுச் செய்யுங்க என்று ஒருவர் சொன்னால், அதற்கு அர்த்தம் வேண்டாம் என்பது. அது பெண் எடுத்த வீடுகளுக்கும் பெண் கொடுத்த வீடுகளுக்கும் தெரியும்.

ஏன் எழுதினாள்? நாத்தனார்மேல் கோபமா? இல்லை. பொறாமையா? அதுவும் இல்லை. வெண்பா போய்விட்டால் வீடு ஓடாது, அவ்வளவுதான். வெண்பா காலையில் இ-சேவை மையத்தில் வேலை பார்த்துவிட்டு மத்தியானம் வந்துவிடுவாள். அமுதவள்ளியின் மகளை ஸ்கூலிலிருந்து கூட்டிவருவது, வீட்டுப்பாடம் எழுத வைப்பது, தங்கம்மாளை முட்டிவலிக்கு டாக்டரிடம் அழைத்துப் போவது எல்லாம் அவள் வேலை. அவள் இருப்பதால்தான் அமுதவள்ளி செராமிக் எஸ்டேட்டில் வேலைக்குப் போகிறாள். அவள் போனால் அமுதவள்ளி வீட்டோடு இருக்க வேண்டியதுதான். இன்னும் ஒரு வருஷம் போகட்டும், மகள் கொஞ்சம் வளரட்டும் என்று மனசு கணக்குப் போட்டது. கை எழுதிவிட்டது.

அன்று காலை யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. தங்கம்மாள் மட்டும் யோசித்துக்கொண்டே இரண்டு இட்லி தின்றாள். பிறகு கையைக் கழுவிக்கொண்டு வந்து, "கொளஞ்சியப்பருக்குப் பிராது கட்டிட வேண்டியதுதான்" என்றாள்.

விருத்தாசலத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஊருக்குப் பக்கத்தில் மணவாளநல்லூரில் கொளஞ்சியப்பர் கோயில். நமக்கு ஒரு அநியாயம் நடந்தால் போலீஸுக்கு எழுதுவதுபோல அந்தச் சாமிக்கு மனு எழுதலாம். அதுதான் பிராது. தாளில் எழுதிச் சாமி காலடியில் வைத்து எடுத்து, விபூதியோடு மடித்து முனியப்பர் சந்நிதியில் வேலில் கட்டிவிட்டால், தப்புச் செய்தவரைச் சாமி கூப்பிட்டு விசாரிக்கும் என்பது இந்தப் பக்கத்து நம்பிக்கை.

"யாரோ ஒருத்தி பெண்ணாடத்துக்குப் போட்டுக் குடுத்திருக்கா" என்றாள் தங்கம்மாள். "யாருன்னு எனக்குத் தெரியும். அம்புஜவல்லிதான். அவ தம்பிக்கு நம்ம பொண்ணக் கேட்டா, நாம குடுக்கல. அதான். அமுதா, நீ மத்தியானம் லீவு போட்டுட்டு வா. பிராத நீதான் எழுதணும். உன் எழுத்துதான் ஒரு பக்கமா சாயாம இருக்கும்."

அம்புஜவல்லி அடுத்த தெருவில் இருக்கும் பங்காளி வீட்டு மருமகள். வாய் கொஞ்சம் அதிகம். இந்த விஷயத்தில் அவளுக்கு ஒரு சம்பந்தமும் இல்லை.

சரிங்க அத்தை என்றாள் அமுதவள்ளி. வேறு என்ன சொல்வாள்?

எஸ்டேட்டில் அவள் வேலை செய்யும் இடம் பீங்கான் ஃபியூஸ் கட்டைகளும் இன்சுலேட்டர்களும் செய்கிற ஒரு சின்ன கம்பெனி. சூளையிலிருந்து வந்த சரக்கைத் தட்டிப் பார்த்து, திருப்பிப் பார்த்து, எது தேறும் எது தேறாது என்று எழுதிக் கொடுப்பது அவள் பொறுப்பு. அமுதா எழுதினால் மறுபேச்சு இல்லை என்று முதலாளியே சொல்வார். அந்தப் பெயர் வீடுவரைக்கும் வந்து, தங்கம்மாள் வாயில் உட்கார்ந்துகொண்டிருக்கிறது.

அன்று புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி, ஒரு சரக்குக்கு அறிக்கை எழுதி எடுத்துவந்தாள். "மிக மோசமான சரக்கு, பல கட்டைகளில் விரிசல்" என்று எழுதியிருந்தாள். அமுதவள்ளி வழக்கம்போலப் பேனாவை எடுத்து முதல் பாதியை அடித்தாள். மோசம் என்று நீ சொல்லாதே, பார்த்ததைச் சொல், விரிசல் விட்டது எத்தனை என்று எழுதினால் விடாதது எத்தனை என்றும் எழுது, வாங்குகிறவன் இரண்டையும் பார்த்து முடிவு பண்ணட்டும் என்று சொல்லிக்கொண்டே வந்தவள், பாதியில் நிறுத்திவிட்டாள். அந்தப் பெண் மேற்கொண்டு சொல்வாள் என்று காத்திருந்தாள். போய் எழுதிட்டு வா என்று அனுப்பிவிட்டு அமுதவள்ளி வெளியே வந்தாள்.

வெட்கமாக இருந்தது. உடைந்த ஃபியூஸ் கட்டைக்குக் காட்டுகிற நியாயத்தைக் கஞ்சி ஊட்டியவளுக்குக் காட்டவில்லையே என்று நினைத்தாள்.

உடைந்த பீங்கானைக் கொட்டி வைத்திருக்கும் மதிலோரம் நின்று, பெரியம்மாவுக்கு இரண்டாவது செய்தி எழுதினாள். முதலில் விட்டதையெல்லாம் எழுதினாள். வேப்பூர்க்காரர்கள் கார் கேட்டது, டெங்கு, ஆஸ்பத்திரி எல்லாம். வெண்பா மாதிரி ஒரு மருமகள் உங்களுக்குக் கிடைக்கமாட்டாள், வெள்ளிக்கிழமை பூ வைப்பதற்கு முன்னால் தயவுசெய்து இன்னொருமுறை பேசுங்கள் என்று முடித்தாள். அனுப்பிய கொஞ்ச நேரத்தில் ராஜாம்பாளே கூப்பிட்டாள்.

கோபமெல்லாம் இல்லை, பாசமாகத்தான் பேசினாள். பெரியம்மாவுக்கு எல்லாம் புரிகிறது, நீ ஒன்றும் கவலைப்படாதே என்றாள். அமுதவள்ளிக்கு ஒரு நிமிஷம் உயிர் வந்தது.

"ஒன் மாமியா பக்கத்துல ஒக்காந்து எழுத வச்சிருக்கா, அதான? கருவேப்பிலங்குறிச்சி சேதி அங்க வந்திருக்கும்."

"இல்ல பெரியம்மா, நானா எழுதனது."

"அமுதா, மொத எழுதினதுல நல்லதும் இருந்துச்சு, கொறையும் இருந்துச்சு. படிச்சவுடனே ஒங்க பெரியப்பா சொன்னாரு, இது நடுவுல நின்னு எழுதன எழுத்துன்னு. இப்ப எழுதினதுல வெறும் நல்லதா இருக்குது. எந்த ஊர்லடி கொறையே இல்லாத பொண்ணு இருக்குது? எது நெசம்னு எனக்குத் தெரியாதா?"

அமுதவள்ளி வாயைத் திறந்தாள். முதலில் எழுதியதில்தான் பெரியம்மா நான் சாய்ந்துவிட்டேன், எனக்கு வீட்டில் ஆள் வேண்டும் என்பதற்காக எழுதினேன் என்று சொல்லியிருக்க வேண்டும். அதைச் சொன்னால் மட்டும்தான் இரண்டாவது செய்தியை அவர்கள் நம்புவார்கள். அது அவளுக்கு அந்த நிமிஷமே புரிந்தது. ஆனால் சொன்னால், பெரியம்மா அன்று மாலைக்குள் தன் அக்கா தங்கை எல்லாருக்கும் சொல்வாள், அது சுற்றிக்கொண்டு தங்கம்மாள் காதுக்கும் வரும். தன் சௌகரியத்துக்காக நாத்தனார் வாழ்க்கையில் கை வைத்தவள் என்ற பெயர் சாகும்வரை ஒட்டிக்கொள்ளும்.

"சரிங்க பெரியம்மா, வச்சுடறேன்" என்றாள். போனைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது.

மத்தியானம் மகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, மூன்று பேரும் ஷேர் ஆட்டோவில் மணவாளநல்லூர் போனார்கள். திங்கட்கிழமை என்பதால் கோயிலில் கூட்டம். கோயில் ஆபீஸில் சீட்டு வாங்கியதும், மண்டபத்தில் ஒரு தூணோரம் உட்கார்ந்தார்கள். சுற்றிலும் எத்தனையோ பேர் மடியில் தாளை வைத்துக்கொண்டு எழுதிக்கொண்டிருந்தார்கள். வரப்பை வெட்டியவன், நகை திருடியவன், மகனை மயக்கியவள் என்று எல்லாருக்கும் ஒரு எதிரி இருந்தார். எல்லாத் தாளிலும் எழுதுகிறவர்தான் நிரபராதி.

தங்கம்மாள் சொல்லச் சொல்ல அமுதவள்ளி எழுத ஆரம்பித்தாள். ஊர், பெயர், விலாசம். என் மகள் வெண்பாவுக்குப் பெண்ணாடத்திலிருந்து நல்ல சம்பந்தம் வந்தது. எங்கள் வீட்டைப் பற்றித் தப்பாகச் சொல்லி அதைக் கெடுத்துவிட்டார்கள்.

"கெடுத்தது அம்புஜவல்லின்னு எழுது."

அமுதவள்ளி எழுதவில்லை. "நாம பாக்கல அத்தை. பாக்காதத எழுதக் கூடாது" என்றாள்.

தங்கம்மாள் ஒப்புக்கொள்ளவில்லை. பார்க்கத்தான் வேண்டுமா, அவள் முழி சொல்லவில்லையா என்று கேட்டாள். போன வாரம் எதிரில் வந்தும் பேசாமல் போனாளே என்றாள். அது சரிதான், ஆனால் பேசாமல் போனாள் என்பதைத்தான் எழுத முடியும் என்று அமுதவள்ளி தலையைக் குனிந்துகொண்டே சொன்னாள். தங்கம்மாள் மருமகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவள் முகம் இளகியது. இதற்குத்தான் உன்னை எழுதச் சொன்னேன், என் கையில் பேனாவைக் கொடுத்திருந்தால் ஒரு பாவத்தைக் கட்டிக்கொண்டிருப்பேன் என்றாள். உனக்குத் தெரிந்தமாதிரி நியாயமாக நீயே எழுதி முடி என்று சொல்லிவிட்டு, கண்ணை மூடிச் சாமி பெயரை முணுமுணுக்கத் தொடங்கினாள்.

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். இந்தப் பாராட்டை அமுதவள்ளியால் தாங்க முடியவில்லை.

தாளைப் பார்த்தாள். இப்போது பெயர் போடாமல் விட்டாலும், வீட்டுக்குப் போனதும் இவர்கள் அம்புஜவல்லியைத்தான் நினைப்பார்கள். பொங்கலுக்கு அவள் வீட்டுக்குப் போகமாட்டார்கள். அவள் மகள் காதுகுத்துக்குப் போகமாட்டார்கள். ஒன்றும் எழுதாமல் விடுவதும் ஒரு பக்கம் சாய்வதுதான். அது இந்த ஒரு மாதத்தில் அவளுக்கு நன்றாகத் தெரிந்துவிட்டது.

பேனாவை அழுத்தி, நிறுத்தாமல் எழுதினாள். "பெண்ணாடத்துக்கு எழுதியது வேறு யாரும் இல்லை. இந்த மனுவை எழுதுகிற மருமகள் அமுதவள்ளிதான். வெண்பா போய்விட்டால் தன் வேலைக்கு இடைஞ்சல் என்று, அவளுடைய நல்லதையெல்லாம் மறைத்து எழுதினாள். விசாரிக்க வேண்டியது அவளைத்தான்."

தங்கம்மாள் கண்ணைத் திறந்தாள். கண் ஆபரேஷன் சரிவராமல் போனதிலிருந்து அவளால் படிக்க முடிவதில்லை. தாளை வாங்கி மகளிடம் நீட்டி, சாமி காலடியில் வைப்பதற்கு முன்னால் தன் காதால் கேட்க வேண்டும், படி என்றாள்.

வெண்பா படித்தாள். ஊர், பெயர், விலாசம், சம்பந்தம் வந்தது, கெடுத்துவிட்டார்கள். அங்கே குரல் நின்றது. அவள் கண் மட்டும் தாளில் கீழே இறங்கிப் போவதை அமுதவள்ளி பார்த்துக்கொண்டிருந்தாள். எழுந்து ஓடிவிடலாமா என்றுகூடத் தோன்றியது.

"என்னா, படி" என்றாள் தங்கம்மாள்.

வெண்பா, "கெடுத்தவங்க யாருன்னு எங்களுக்குத் தெரியாது. அம்புஜவல்லி இல்ல. யாரா இருந்தாலும் நீயே கூப்ட்டு விசாரிக்கணும் சாமி" என்று, தாளில் இல்லாததைத் தாளைப் பார்த்துக்கொண்டே படித்தாள். "அவ்ளோதாம்மா."

அம்புஜவல்லி பெயரை அப்படியா எழுதினாய் என்று தங்கம்மாள் மருமகளைக் கேட்டுவிட்டு, அதுவும் சரிதான், சாமிக்குத் தெரியாததா என்று கையூன்றி எழுந்தாள். தாளைக் குருக்களிடம் கொடுத்தவளும் அவள்தான். சாமி காலடியில் வைத்துத் திரும்பி வந்த தாளை எடுத்துக்கொண்டு, வேலில் கட்டுவதற்காக முனியப்பர் சந்நிதி வரிசையில் போய் நின்றாள்.

மண்டபத்தில் இரண்டு பேரும் தனியாக இருந்தார்கள். வெண்பா அண்ணியைப் பார்க்காமல், பெண்ணாடத்துக்கு எழுதின மெசேஜை எனக்கு அனுப்புங்க என்றாள். அமுதவள்ளி அனுப்பினாள். வெண்பா படித்தாள். ஒருமுறை படித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து படித்தாள். அழுவாள் என்று அமுதவள்ளி எதிர்பார்த்தாள். அவள் அழவில்லை.

"இதுல ஒண்ணுகூடப் பொய்யில்லியே, அண்ணி" என்றாள்.

அமுதவள்ளி தன் போனை மடியில் கவிழ்த்து வைத்தாள்.

"பொய்யா இருந்தா நேரா போயி இல்லன்னு சொல்லியிருப்பேன். இதப் படிச்சா எனக்கே இந்தப் பொண்ணப் புடிக்கல. அவங்கள என்னா சொல்றது?"

"தப்புப் பண்ணிட்டேன் வெண்பா. எனக்கு வேல போயிடும்னு பயம். பெரியம்மாவுக்குக் காலைலகூட மாத்தி எழுதினேன். நம்பமாட்டேங்கறாங்க."

"ஏன் மாத்தி எழுதறீங்கன்னு எழுதினீங்களா?"

இல்லை என்று தலையாட்டினாள் அமுதவள்ளி.

வெண்பா போனைப் பைக்குள் போட்டாள். "எனக்கு அந்தக் கல்யாணம் நடக்கணும்னு இல்ல, அண்ணி. அவங்க இனிமே வேண்டான்னு சொன்னாலும் பரவால்ல. ஆனா அவரு நெஞ்சுல இந்த மெசேஜுல இருக்கற பொண்ணு நானா இருக்கக் கூடாது. நாளைக்குக் காலைல பெண்ணாடம் பஸ்ஸு ஏறுவோம், நீங்களும் நானும். அவங்க எதிர்ல ஒக்காந்து இத நீங்களே படிங்க. எழுதாம விட்டதயும், ஏன் விட்டீங்கங்கறதயும் சேத்துப் படிங்க. அம்மாகிட்ட எப்ப சொல்றதுன்னு அப்பறமா பாத்துக்கலாம்."

வருகிறேன் என்றாள் அமுதவள்ளி. சொன்ன பிறகு அவளுக்கு நிம்மதி வரவில்லை. பயம்தான் வந்தது. தமிழ்ச்செல்வன் முகத்தை, பெரியப்பா முகத்தை எப்படிப் பார்ப்பது என்று தெரியவில்லை.

தங்கம்மாள் நெற்றி நிறைய விபூதியோடு வந்தாள். பிராதைக் கட்டியாயிற்று என்று அவள் முகம் தெளிந்திருந்தது. ஆட்டோவில் மருமகளுக்கும் மகளுக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு, அமுதவள்ளியின் வலது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"இந்தக் கை எழுதினத சாமி தள்ளாது" என்றாள்.

வெண்பா வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். வீடு வந்து இறங்கும்வரை தங்கம்மாள் அந்தக் கையை விடவில்லை.